முந்நூறு கிராம் மரியாதை

மலைநாட்டில் வட்டகொடைப் பக்கத்துக் கடைகளில் மேசைமேல் உட்கார்ந்திருக்கும் சின்ன லேசர் பிரிண்டரைப் போல அடக்கமான பிறவியைக் காண்பது அரிது. இவ்வளவு பாரம் தாங்குவேன் என்று அது ஊரைக் கூட்டிச் சொல்வதில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்த கையேட்டின் கடைசிப் பக்கமொன்றில், சதுர மீற்றருக்கு 60 முதல் 163 கிராம் வரையான கடதாசி என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். பழைய எச்பி 1020 ஆனாலும் சரி, பிறகு வந்த பி1102 ஆனாலும் சரி, அதே 163தான். அந்தக் கையேடு பெட்டியோடு சேர்ந்து அடுப்புக்குப் போய்விடும். பிரிண்டரின் தன்னடக்கமும் அத்தோடு பத்திரமாகிவிடும்.

இந்த அடக்கத்தைக் கண்டு மனம் இளகித்தான் நம்மவர்கள் அதன் வாயில் 300 கிராம் அட்டையைக் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

கனத்தில்தான் மரியாதை இருக்கிறது என்பது இங்கே எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். தோட்ட லயத்து வாசலில் நின்று ஒரு கல்யாணக் கார்டைக் கொடுத்துப் பாருங்கள். வீட்டு அக்கா முதலில் அதைத் திறக்கமாட்டார். ஓரத்தைப் பிடித்து லேசாக வளைப்பார். நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். ‘டக்’ என்று சத்தம் வந்தால் முகம் மலரும். “நல்ல கனம்” என்பார். மாப்பிள்ளை யார், பொண்ணு எந்தத் தோட்டம், முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் சில்லறைகள். ‘டக்’ சத்தம் வராத வீட்டுக் கல்யாணத்தில் மொய்யும் மெலிந்துபோகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போட்டோ கொப்பிக்குப் போடும் வழக்கமான ஏ4 தாள் 80 கிராம் வகை. ஒற்றைத் தாளைத் தராசில் வைத்தால் 5 கிராம் காட்டும். அதே அளவு அட்டை 300 கிராம் வகையென்றால் 19 கிராமுக்குச் சற்றே குறைவு. ஏறக்குறைய நாலு தாளின் கனம். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்த நாடு இது. நாலு வினாத்தாளின் கனத்தை ஒரே அழைப்பிதழில் அடக்கும் செல்வச் செழிப்பு இவ்வளவு சீக்கிரம் நமக்கு வாய்த்ததற்குச் சந்தோஷப்படத்தான் வேண்டும்.

பிரிண்டரும் மறுப்பதில்லை. உள்ளேயிருக்கும் ரப்பர் உருளை அட்டையைத் தொட்டுப் பார்க்கும், வழுக்கும், மறுபடி தொடும். கடைசியில் ஒரு மூலையை மட்டும் பிடித்துக் கோணலாக இழுக்கும். உள்ளே போகிற பாதை நேர்ப்பாதை இல்லை. முன்தட்டில் நுழைந்த தாள் அரைவட்டம் அடித்து மேலே வந்து குப்புற விழவேண்டும். 5 கிராம் தாளுக்கு அந்த வளைவு ஒரு பொருட்டே இல்லை. அட்டை அங்கே போய்த் தன் கௌரவத்தை நினைத்துக்கொள்ளும். யாருக்கும் வளையாது நிற்கும். மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கும்.

எங்கள் மலைநாட்டில் போட்டோ கொப்பி, லெமினேட்டிங், போனுக்கு ரீலோட், கரண்ட் பில் கட்டுவது, வேலைக்கு விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் ஒரே கூரைக்குள் நடக்கும் கடைக்குக் கொமினிகேஷன் என்று பெயர். அங்கே இருக்கும் தம்பிமார் தைரியசாலிகள். “கார்டு கொஞ்சம் திக்குதான்ணே. ஆனா எடுக்கும். போன வாரம் எடுத்திச்சு” என்பார் தம்பி, மூடியைத் திறந்து, டோனரைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அட்டையை இழுத்தபடியே. மணப்பெண்ணின் பெயரில் பாதியோடு அட்டை வெளியே வரும். வந்த பாதி அழகாகத்தான் இருக்கும். கெட்டுப்போன அட்டைக்கும் காசு கொடுப்பது நாம்தான் என்பதால் கடைக்கோ பிரிண்டருக்கோ இதில் ஒரு மனத்தாங்கலும் கிடையாது.

சில நாள் அட்டையே போடாமல் விளக்கு சிமிட்டும். பயப்பட வேண்டாம். பிரிண்டருக்குத் தாய்நாட்டு ஞாபகம் வந்திருக்கிறது. அது ‘லெற்றர்’ என்ற அமெரிக்கத் தாளைக் கேட்கிறது. 216க்கு 279 மில்லிமீற்றர். நாம் வைத்திருப்பது 210க்கு 297. கொம்பியூட்டரில் அந்த ஒரு சொல்லை ஏ4 என்று மாற்றினால் தீர்ந்தது. மாற்றாமல் பச்சைப் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருப்பதுதான் நம் விருந்தோம்பல்.

பிரிண்டரின் விசுவாசத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். அச்சுக்குக் கட்டளை கொடுக்கும் இடத்தில், என்ன வகைக் கடதாசி என்று அது பணிவாகக் கேட்கிறது. சாதாரணம், கனம், அதிகனம், அட்டை என்று வரிசையாகப் போட்டு, எது எத்தனை கிராம் என்றும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். கனமானதைத் தெரிவுசெய்தால் பிரிண்டர் வேகத்தைக் குறைத்துச் சூட்டைக் கூட்டிக்கொள்ளும். அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தவரை நான் இந்தப் பக்கத்தில் ஒரேயொருவரைத்தான் சந்தித்திருக்கிறேன். அவரைப் பற்றிப் பிறகு. வாங்கிய நாளில் ‘சாதாரணம்’ என்று இருந்தது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. நாம் சொன்ன பொய்யை மெய்யென்று நம்பி, 80 கிராம் தாளை ஓட்டுகிற அதே வேகத்தில், அதே சூட்டில், 300 கிராமையும் ஓட்டிவிடுகிறது அந்த அப்பாவி.

லேசர் பிரிண்டரில் மை கிடையாது. டோனர் என்பது கரிப்பொடி கலந்த பிளாஸ்ரிக் தூள். மின்னூட்டத்தின் தயவில் அது தாள்மேல் எழுத்தாக உட்காரும். பிறகு 200 பாகை செல்சியஸை நெருங்கும் சூட்டு உருளையும் ரப்பர் உருளையும் சேர்ந்து நசுக்க, உருகித் தாளின் நாரைப் பற்றிக்கொள்ளும். இதெல்லாம் ஒரு கணப்பொழுதில் நடக்கிற காரியம். மெல்லிய தாளுக்கு அது போதும். கனத்த அட்டையோ கிடைத்த சூட்டையெல்லாம் தன் உடம்புக்கே எடுத்துக்கொள்கிறது. எழுத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம் கதகதப்பு. தூள் அரைவேக்காட்டில் வெளியே வருகிறது. கண்ணுக்குத் தெரியாது, கறுகறுவென்று பார்க்க லட்சணமாக இருக்கும். பெருவிரலால் முகூர்த்த நேரத்தை ஒரு தடவு தடவுங்கள். முகூர்த்தம் விரலுக்கு வந்துவிடும். விருந்தாளி கையோடு கொண்டுபோகலாம். கார்டைத் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை.

கருமாதிக் கார்டில் இந்தக் குணம் இன்னும் பொருந்திவருகிறது. போனவரின் படம், பிறப்பு, இறப்பு, துயருறும் மக்கள் மருமக்கள் என்று நெருக்கி அச்சடித்து நடுவில் மடித்திருப்பார்கள். மடித்த இடத்தில் டோனர் வெடித்து வெள்ளைக் கோடு ஓடும். நாலு கை மாறுவதற்குள் படத்தின் நெற்றி காலி. நிலையாமையைப் பற்றித் தேவாரம் பாடுகிறவர் பாடிக்கொண்டிருக்க, பிரிண்டர் அதை நிரூபித்துக் காட்டிக்கொண்டிருக்கும்.

இதைக் குறையென்று பேசுகிறவர்களுக்கு வரலாறு தெரியாது. 1938 ஒக்டோபர் 22ஆம் திகதி, நியூயோர்க்கின் அஸ்டோரியாவில் ஒரு வாடகை அறையில், செஸ்டர் கார்ல்சன் என்பவர் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் பரபரவென்று தேய்த்து மின்னேற்றினார். எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டி, தாவர வித்தித் தூளைத் தூவி, அன்றைய திகதியையும் ஊர்ப் பெயரையும் மெழுகுக் கடதாசியில் ஒற்றியெடுத்தார். உலகத்தின் முதல் உலர் பிரதி அதுதான். கைக்குட்டையால் தேய்க்க எழுத்து வந்தது. நம் 300 கிராம் அட்டையைக் கைக்குட்டையால் தேய்த்தால் அதே எழுத்து வந்த வழியே திரும்பிப் போகிறது. கார்ல்சனின் கண்டுபிடிப்பை முழுவதுமாக, முன்னும் பின்னுமாக, செய்து பார்க்கிற ஊர் வேறு எங்கே இருக்கிறது? அவருக்குப் பின் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் கதிரால் எழுத்தை வரையலாம் என்று செரொக்ஸ் கம்பனியின் மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டி, 1971இல் கலிபோர்னியா ஆய்வுகூடத்துக்கு மாறிப்போய் அதைச் செய்து காட்டினார். 1984இல் கெனன் செய்த இயந்திரத்தை உள்ளே வைத்து எச்பி நிறுவனம் மேசைமேல் வைக்கும் லேசர்ஜெட்டை விற்கத் தொடங்கியது. அலுவலகக் கடிதம் அச்சடிக்கப் பிறந்த பிள்ளை அது. நாம் அதைக் கோயில் கமிட்டிக்குத் தத்துக் கொடுத்துவிட்டோம்.

மலைநாட்டுக் காற்றும் தன் பங்கைச் செய்யாமலில்லை. தென்மேற்குப் பருவமழை ஏறிவந்தால் கிரேட் வெஸ்டர்ன் மலை நாட்கணக்கில் கண்ணுக்குப் படாது, துவைத்த துணி காயாது, சுவர் வியர்க்கும். கடதாசி அந்த ஈரத்தைக் குடிக்கும். குடித்த தாளில் மின்னூட்டம் நிற்காது. தூள் திட்டுத் திட்டாக ஒட்டும். சூட்டுக்குள் போனதும் ஈரம் ஆவியாகி அட்டை இரு முனையும் தூக்கிக்கொண்டு வெளியே வரும். ஈரத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் நடத்தத் தகுதியுள்ள ஊர் இது. தேயிலைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, நொதிக்கவிட்டு, மூன்று சதவீதம் அளவுக்கு மட்டும் ஈரம் மிஞ்சும்படி உலர்த்தி இறக்குகிறார்கள். தேயிலைத் தூள் காற்றிலிருந்து மறுபடி ஈரம் இழுத்துவிடும் என்று உள்தாள் போட்ட பையில் உடனே கட்டி மூடுகிறார்கள். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையமே பக்கத்து ரயில் நிலையமான தலவாக்கலையில்தான், சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. ஆனால் பெக்டரியில் உலர்த்தும் மெஷினடியில் காலம் தள்ளியவர் ஓய்வுபெற்றுக் கொமினிகேஷன் போட்டால், அட்டைப் பொதியை வாய் திறந்து ஜன்னலோரம் வைக்கிறார். அட்டைக்கும் காற்று வேண்டுமாம்.

கலையுணர்வு என்று வந்தால் வரியோடிய அட்டையைச் சொல்ல வேண்டும். மேடும் பள்ளமுமாக, தொட்டால் துணியைத் தொட்டதுபோல இருக்கும் விலைகூடிய அட்டை. தூள் மேட்டில் மட்டும் ஒட்டும். உருளையின் அழுத்தம் பள்ளத்துக்கு எட்டாது. மேட்டுக்கு ஏறாத தோட்டத்துத் தண்ணீர்க் குழாயின் நீதிக்கு நேர்மாறு. அதைவிட உயர்ந்தது தங்கப் பிள்ளையார். கொழும்பு மொத்தக் கடைகளில் ஆயத்த அட்டை விற்கிறார்கள்: உச்சியில் தங்கத்தாளில் பிள்ளையார், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் நம் விவரத்துக்கு வெற்றிடம். சூட்டால் ஒட்டிய தங்கத்தாள் சூட்டாலேயே பிரியும் என்பது நியாயந்தானே. பிள்ளையார் அட்டையை விட்டு எழுந்து சூட்டு உருளையின் டெப்லோன் உறையில் குடியேறிவிடுகிறார். அப்படிக் குடியேறிய ஒருநாள், அடுத்து அச்சுக்கு வந்தது ஒரு கத்தோலிக்க வீட்டு முதல் நற்கருணை அட்டை. உருளை சுற்றுகிற கணக்குக்குச் சரியாக, ஆறேழு சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, மங்கலான துதிக்கை அதில் விழுந்துகொண்டே வந்தது. மத நல்லிணக்கத்துக்கு அரசாங்கம் எத்தனையோ கருத்தரங்கு நடத்துகிறது. இங்கே ஒரு சூட்டு உருளையின் செலவில் முடிந்துவிட்டது. இங்க்ஜெட்டுக்கென்று செய்த பளபளப்புத் தாளைப் போட்டால் இன்னும் துரிதம். அதன் பூச்சு உள்ளேயே உருகி, பிரிண்டரும் தாளும் ஒருவரையொருவர் பிரியாமல் வாழ்வார்கள்.

இத்தனைக்கும் மேலே பிரிண்டரிடம் நான் வியப்பது அதன் விவேகத்தை. எதை நிலைக்க விடவேண்டும், எதை உதிர விடவேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. சம்பளச் சிட்டையைப் பாருங்கள். கிடைக்கிறதிலேயே மெல்லிய கடதாசி. சலவை, முடிவெட்டு, கோயில், சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் என்று கழித்த ஒவ்வொரு ரூபாயும் கல்லில் வெட்டிய உறுதியோடு நிற்கும், நனைந்தாலும் வாசிக்கலாம். கொழுந்து பறிக்கும் போட்டியில் வென்ற அக்காவுக்குக் கொடுத்த சான்றிதழோ 300 கிராம். சுற்றிவர மஞ்சள் கரை, நடுவில் பெரிய எழுத்தில் பெயர். மேடையிலிருந்து இறங்கி, மழைக்குப் பயந்து சேலைத் தலைப்பில் சுற்றி, லயத்துக்குக் கொண்டுவந்து விரித்தபோது பெயரின் நடுவெழுத்தைக் காணவில்லை. ‘சிறந்த’ என்பதில் ஒற்றும் போயிருந்தது. கையெழுத்து மட்டும் பேனா மையில் பத்திரமாக இருந்தது. கழிவு மெல்லிய தாளில், கௌரவம் கனத்த அட்டையில் என்று பிரித்து வைத்தவர் யாரோ, அவர் பிரிண்டரின் குணத்தை நன்றாகப் படித்தவராக இருக்கவேண்டும்.

மெல்லிய கடதாசியின் பலம் இந்த மலைக்குப் பழக்கமானதுதான். கங்காணி காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவரிடம் அனுப்பிவைக்கிறேன் என்று எழுதிய சின்னச் சீட்டு. குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கைமாற்ற அந்தச் சீட்டுப் போதுமாயிருந்தது. 1921இல் சட்டம் கொண்டுவந்துதான் அதை ஒழித்தார்கள். தானாக எழுத்து அழிந்து ஒழியவில்லை. பிறகு மலையில் பாட்டுப் பிரசுரம் விற்றுத் திரிந்தவர்களும் சதக் கணக்கில் விலைவைத்த மட்டக் கடதாசியைத்தான் நம்பினார்கள். இதே வட்டகொடையின் மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைக்குப் பாராளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவற்றுக்கும் யாரும் தங்கப் பிள்ளையார் அட்டை போட்டுக் கொடுக்கவில்லை. பழுப்பேறிப்போன அந்தத் தலைமுறைத் தாள்களை இன்றைக்கும் விரித்து வாசிக்க முடிகிறது. சுண்டினால் சத்தம் வராது என்பது ஒன்றுதான் குறை.

இனி, பிரிண்டரின் புகழைக் கெடுக்கவென்றே பிறந்த அந்த ஒருவரைப் பற்றி. பெயர் வேண்டாம், பிழைப்பைக் கெடுப்பானேன். 160 கிராமுக்கு மேல் அட்டையைக் கையால் தொடமாட்டார். பொதியைப் பொலித்தீனில் சுற்றி வைத்து, அச்சடிக்கிற நேரத்தில்தான் பிரிப்பார். அந்தக் கடதாசி வகைப் பட்டியலைத் திறந்து ‘அதிகனம்’ என்று தெரிவுசெய்வார். பின்கதவு உள்ள பிரிண்டர் வைத்திருக்கிறார். அதைத் திறந்துவிட்டால் அட்டை வளையாமல் நேரே போய்ப் பின்னால் விழுகிறது. ஒவ்வொன்றாகக் கையால் ஊட்டுகிறார். முதல் அட்டை வந்ததும் நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார். உதிர்ந்தால் மிச்சத்தைப் போடுவதில்லை. அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்து நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அதே திசையில், தீர்ந்துபோன போல்பொயிண்ட் பேனாவால் கோடு அழுத்தி, பிறகு மடிக்கிறார். மடிப்பு விழும் இடத்தில் ஓர் எழுத்தும் வராதபடி முன்கூட்டியே தள்ளி அமைக்கிறார். 300 கிராம்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், 100 கிராம் தாளில் அச்சடித்து அட்டைமேல் ஒட்டிக் கொடுக்கிறார். நூறு கார்டுக்கு மேல் என்றால், “ஹட்டனுக்குக் கொண்டுபோய் ஓப்செட்ல போடுங்கய்யா, இல்லாட்டி ஸ்கிரீன் பிரிண்ட் பண்ணுங்க” என்று வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிறார். பழைய ட்ரெடில் அச்சு மெஷினுக்கு அட்டையென்றால் கொண்டாட்டம், அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோமே என்ற புலம்பலும் உண்டு. இப்படிப்பட்ட கடையில் என்ன களை இருக்கும்? அட்டை சிக்குவதில்லை. யாரும் சத்தம் போடுவதில்லை. ரெண்டு பிளேன்டீ குடித்து ஊர்க்கதை பேசும் நேரத்துக்கு உட்கார வழியே இல்லாமல் பத்து நிமிஷத்தில் வேலையை முடித்து அனுப்பிவிடுகிறார்.

எங்கள் கோயில் கமிட்டி அவரிடம் போவதில்லை. இந்த வருஷத் திருவிழாவுக்கு முதல் கூட்டம் போட்டபோது, போன வருஷ அழைப்பிதழில் உபயகாரர் நாலுபேருடைய பெயர் அழிந்துபோன விவகாரம் எழும்பியது. மூன்றாம் திருவிழா உபயகாரர் அட்டையை எடுத்துத் தலைவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் பெயர் இருந்த இடத்தில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் மிச்சம்.

தலைவர் அட்டையை வாங்கி வளைத்துப் பார்த்தார். நகத்தால் சுண்டினார்.

“எழுத்து நிக்கலன்னா என்ன அர்த்தம்? கார்டு லேசுன்னு அர்த்தம்.”

“ஆமாங்க தலைவரே” என்றார் பொருளாளர். “இந்த வாட்டி 350 போட்ருவோம்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டக் குறிப்பை மறுநாள் கொமினிகேஷனில் 80 கிராம் தாளில் எடுத்தோம். ஓர் எழுத்துப் பிசகாமல் வந்திருக்கிறது.